பணி அறையின் குழல்விளக்கு

ஜூன் 2, திங்கள்

பராமரிப்புப் பதிவேட்டில் பழுது, காரணம், தீர்வு ஆகியவற்றுக்கு மட்டுமே இடமுண்டு, கருத்துக்கு இடமில்லை. அது சரியான ஏற்பாடுதான். ஆயினும், மலையடிவாரத்துச் சிறு அரசு மருத்துவமனை ஒன்றில் மின்சாரம், தண்ணீர், ஜெனரேட்டர், கதவுத் தாழ்ப்பாள் ஆகிய அனைத்துக்கும் ஒரே தொழில்நுட்பராக நெடுங்காலம் பணியாற்றும் ஒருவனுக்கு, ஐம்பது வயதில் சில கருத்துகள் சேர்ந்துவிடுகின்றன. பதிவேட்டில் எழுதினால் அது விதிமீறல். எழுதாவிட்டால் தூக்கம் கெடுகிறது. ஆகவே இந்தத் தனிக் குறிப்பு. பிறர் சொன்னவற்றை அவரவர் சொன்னபடியே எழுதுவதென்றும் எதையும் மிகைப்படுத்துவதில்லையென்றும் தீர்மானித்துள்ளேன்.

இன்று மகப்பேறு வார்டின் செவிலியர் பணி அறையில் குழல்விளக்கு எரியவில்லை. மருந்து அலமாரி வைப்பதற்காக அந்த அறையின் ஜன்னலை எப்போதோ அடைத்துவிட்டார்கள்; பகலிலும் விளக்கின்றி அங்கே ஒன்றும் தெரியாது. குழலை எரியத் தூண்டும் சிறு உருளையான ஸ்டார்ட்டர் தளர்ந்திருந்தது. திருகினேன், எரிந்தது. அதன்பின் தலைமைச் செவிலியர் எமிலி ஞானதீபம் அவர்கள் காபி கொடுத்தார். மறுத்தால் உபசார வார்த்தைகள் நீண்டு அடுத்த பணி தாமதமாகும் என்பதால் குடித்தேன்.

"ஏன் சார், மத்த ரூம்ல எல்லாம் ஒழுங்கா எரியுது. இது மட்டும் வாரத்துக்கொரு தடவ இப்படிப் பண்ணுதே?"

அதிர்வு காரணமாக ஸ்டார்ட்டர் தன் பிடியிலிருந்து தளரக்கூடும் என்று விளக்கினேன். அந்த அறையில் அதிரக்கூடிய பொருள் எதுவுமே இல்லை என்பது வழியில் வரும்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஜூன் 5, வியாழன்

மேல்நிலைத் தொட்டியின் மிதவை மாற்றப்பட்டது. வெளிநோயாளிப் பிரிவில் இரண்டு மின்விசிறிகளுக்குக் கண்டென்சர் மாற்றினேன். இனி அவை பல ஆண்டுகளுக்கு என்னை அழைக்கமாட்டா. ஒரு பழுதை ஒருமுறைதான் சரிசெய்ய வேண்டும் என்பது என் கொள்கை.

ஜூன் 9, திங்கள்

மீண்டும் அதே விளக்கு. அதே ஸ்டார்ட்டர்.

சுவரோரம் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஸ்டூல் விளக்குக்கு நேர் கீழே இருந்தது. அதன் மேல் ஈரச் செருப்புத் தடம். வார்டுக்குள் அணியும் ரப்பர் செருப்பு, சிறிய அளவு. ஒட்டடை அடித்திருப்பார்கள் என்று கொண்டேன். ஆனால் மூலையில் ஒட்டடை அப்படியே தொங்கியது. அதை வார்டுப் பணியாளர் மாடத்தியிடம் சுட்டிக்காட்டினேன்.

"லைட்டப் பாக்க வந்தவுக லைட்ட மட்டும் பாருங்க சார்வாள். ஒட்டடை எங்க டிபார்ட்மெண்டு" என்றார் மாடத்தி. பிறகு செவிலியர் பக்கம் திரும்பி, "இந்த லைட்டு சாரு கை பட்டாத்தான் எரியுது, பாத்தியளா சிஸ்டர். ராசியான கை" என்றார்.

செவிலியர் அவர்கள் ஊசி மருந்துக் குப்பிகளை அடுக்குவதில் கவனமாக இருந்தார். அவை ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்தன.

இன்று சுக்குக் காபி. எனக்குச் சளி பிடித்திருப்பதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. வராந்தாவில் நடக்கும்போது இருமியிருக்கலாம்.

தொழில்நுட்பக் குறிப்பு ஒன்று: எரிந்துகொண்டிருக்கும் குழல்விளக்கில் ஸ்டார்ட்டர் தளர்ந்தாலும் விளக்கு தொடர்ந்து எரியும். அணைத்துவிட்டு மறுபடி போடும்போதுதான் எரியாது. எனவே, தளர்த்தும் காரணி எதுவாயினும் அதற்கு ஸ்டூலில் ஏறவும் தெரியும், சுவிட்சை அணைத்துப் போடவும் தெரியும். இதைப் பற்றி மேலும் ஆராய நேரம் கிடைக்கவில்லை.

ஜூன் 11, புதன்

தலைமை மருத்துவர் டாக்டர் நூர்ஜஹான் அவர்களின் உத்தரவு: ஜூலை முதல் வாரத்தில் தரச் சான்று ஆய்வுக் குழு வருகிறது. அதற்குள் மருத்துவமனையின் எல்லாக் குழல்விளக்குகளையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. விளக்குகள் பொருத்த வேண்டும். மிகச் சரியான முடிவு. எல்.இ.டி. விளக்கில் சோக் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை. ஆகவே ஸ்டார்ட்டர் தளரும் பிரச்சினை அடியோடு ஒழிந்துவிடும்.

உத்தரவை மறுபடியும் படித்துப் பார்த்தேன்; எந்த அறைக்கும் விலக்கு இல்லை.

ஜூன் 14, சனி

வெளிநோயாளிப் பிரிவு, மருந்தகம், ஆய்வகம் முடிந்தன. வேலையை ஏதேனும் ஓர் ஒழுங்கில் செய்வது நலம் என்பதால், ஜெனரேட்டர் அறைக்கு அருகிலிருந்து தொடங்கித் தொலைவு நோக்கிச் செல்கிறேன். மகப்பேறு வார்டு கடைசிக் கட்டடத்தில் உள்ளது. அது தற்செயல்.

ஜூன் 17, செவ்வாய்

பிரசவ அறை, அறுவை அரங்கு, குழந்தைகள் பிரிவு எல்லாம் முடிந்தன. மகப்பேறு வார்டின் பணி அறையில் ஒரே ஒரு பழைய விளக்கு மட்டும் எஞ்சியுள்ளது. புதிய விளக்குகளில் சிலவற்றை அவசர இருப்பாக வைத்திருப்பது அறிவுடைமை என்பதால் அதை ஒத்திவைத்தேன்.

பினாயில் வாங்க ஸ்டோருக்கு வந்த மாடத்தி அலமாரியைப் பார்த்தார். "பெட்டி பெட்டியா அடுக்கி வச்சிருக்கீய. எங்க சிஸ்டர் ரூமுக்கு மட்டும் ஸ்டாக் இல்லயாக்கும்?"

அது அவசர இருப்பு என்றேன்.

"ஆமா, அவசரந்தான்" என்று சொல்லிவிட்டுப் பினாயிலை எடுக்காமலே போனார்.

ஜூன் 19, வியாழன்

மலையிலிருந்து சாரலும் காற்றும். மதியம் அறுவை அரங்கில் சிசேரியன் நடந்துகொண்டிருந்தபோது தென்னை மட்டை விழுந்து வெளி மின்பாதை அறுந்தது. தானாக இயங்கவேண்டிய ஜெனரேட்டர் தானாக இயங்கவில்லை. அதை இயக்கிவிடும் ரிலே ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. கையால் இயக்கி, சேஞ்ச் ஓவர் சுவிட்சை ஜெனரேட்டர் பக்கம் மாற்றினேன். இடைப்பட்ட நேரத்தை அரங்கின் பாட்டரி விளக்கு சமாளித்தது. நான் மாதந்தோறும் சோதிக்கும் பாட்டரி அது. பெண் குழந்தை. தாய் நலம்.

சுவிட்ச் அறைக்கு வெளியே எமிலி சிஸ்டர் வந்து நின்றார். (அலுவல் சாராத குறிப்பு என்பதால் பதவிப்பெயரைத் தவிர்க்கிறேன்.) கைக்குட்டை நீட்டினார். என் முகத்தில் டீசல் கரி இருந்ததாம்.

"கரண்ட் போனதும் டாக்டர் என்னப் பாத்தாங்க. ஆவுடையப்பன் சார் டூட்டில இருக்காங்க டாக்டர்னு சொன்னேன். அதுக்கு மேல யாரும் பதறல."

ஜெனரேட்டரின் மீது மருத்துவர்களுக்கு நம்பிக்கை இருப்பது மகிழ்ச்சிக்குரியது. கைக்குட்டையைத் துவைத்து வைத்துள்ளேன். கரி போகவில்லை. இரண்டாம் முறையும் துவைத்தேன்.

ஜூன் 23, திங்கள்

விளக்கு எரியவில்லை. ஸ்டார்ட்டர். திருகினேன். காபி.

வழக்கமாக விளக்கு எரிந்ததும் சிஸ்டர் ஏதேனும் பேசத் தொடங்குவார்: கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை, குடியிருப்பில் குழாய் சொட்டுகிறது, கணவர் இறந்த பிறகு கிறிஸ்துமசுக்கு யாருக்காக முறுக்குச் சுடுவதென்று தெரியவில்லை, இப்படி. இன்று ஃபிளாஸ்க்கை மூடி ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்.

"எங்க ஊர் ஆஸ்பத்திரில ஒரு போஸ்ட் காலியாகுது சார். ரொம்ப வருஷத்துக்கு முந்தி கேட்டது. ஜூலை மூணாம் தேதி கலந்தாய்வு. போயிக் கையெழுத்துப் போட்டா எனக்குத்தான்."

சொந்த ஊருக்கு இடமாறுதல் கிடைப்பது அரிது என்றேன்.

"அரிதுதான். அங்க எங்க அண்ணன் வீடு இருக்கு. சர்ச் பக்கம். எல்லாரும் போன்னுதான் சொல்லுதாங்க." ஸ்டூலின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டார்: "நீங்க சொல்லுங்க சார். போகட்டுமா?"

பொது இடமாறுதல் நெறிமுறைகளை எடுத்துக் கூறினேன். பணிமூப்பு, கணவரை இழந்தோருக்கான முன்னுரிமை, கலந்தாய்வில் மறுத்தால் ஓராண்டு வரை மீண்டும் கோர இயலாமை ஆகியவற்றை வரிசைப்படி விளக்கினேன். தேவையெனில் அரசாணையின் நகல் எடுத்துத் தருவதாகவும் சொன்னேன்.

"அரசாணை எங்கிட்டயே இருக்கு சார். நான் உங்க கருத்தக் கேட்டேன்."

நான் மருத்துவப் பணியாளர் பிரிவைச் சேர்ந்தவனல்லன். எனவே ஒரு செவிலியரின் இடமாறுதல் குறித்துக் கருத்துக் கூற எனக்கு அதிகாரமில்லை. அதையே சொன்னேன்.

அவர் ஸ்டூலிலிருந்து விரலை எடுத்தார். "காபி ஆறிப்போச்சு, குடிங்க" என்றார்.

உண்மையில் சூடாகத்தான் இருந்தது. சர்க்கரை போட மறந்திருந்தார். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. பொதுவாகச் சுட்டிக்காட்டுவேன்.

ஜூன் 25, புதன்

டாக்டர் நூர்ஜஹான் சுற்று வரும்போது பணி அறையின் பழைய விளக்கைக் கவனித்துவிட்டார். "இது என்ன மியூசியமா ஆவுடையப்பன்?" என்று மட்டும் கேட்டார். என் பணிக்காலத்தில் ஒரு வேலையை இரண்டாம் முறை சொல்லவைத்தது இதுவே முதன்முறை. உடனே ஏணியை எடுத்துச் சென்றேன்.

நான் பழைய விளக்குப் பட்டியைக் கழற்றி முடிக்கும்வரை சிஸ்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புதிய விளக்கு பளிச்சென்று எரிந்தது. அறையின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தது. ஒட்டடை இப்போதும் இருந்தது.

"இனிமே இது அடிக்கடி கெட்டுப்போகாதா சார்?"

ஐந்தாண்டு உத்தரவாதம் உண்டு என்றேன்.

"அஞ்சு வருஷமா" என்றார். "நல்லதாப் போச்சு. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

கழற்றிய பொருள்களை ஸ்டோரில் ஒப்படைக்கும்போது பட்டி, சோக், குழல் ஆகியவை இருந்தன, ஸ்டார்ட்டரைக் காணவில்லை. தரையெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. காபி தரப்படவில்லை. அது அவர்கள் கடமையுமன்று.

ஜூன் 28, சனி

மகப்பேறு வார்டிலிருந்து புகார் ஏதுமில்லை. திருப்தி.

ஜூன் 30, திங்கள்

மகப்பேறு வார்டிலிருந்து புகார் ஏதுமில்லை. கடைசிக் கட்டடத்தின் எர்த் குழியில் ஈரப்பதம் போதுமா என்று நேரில் சென்று பார்த்தேன். நாள் முழுவதும் சாரல் பெய்துகொண்டிருந்ததால் ஈரப்பதம் போதுமானதாகவே இருந்தது. பணி அறையில் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. சிஸ்டர் ஒரு கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

கேன்டீனில் காபி குடித்தேன். அதைக் காபி என்று வகைப்படுத்துவதற்கு ஆதாரம் போதாது.

ஜூலை 1, செவ்வாய்

மாடத்தி ஸ்டோருக்கு வந்தார். பினாயில் கேட்கவில்லை. கதவில் சாய்ந்து நின்றார்.

"சிஸ்டர் குவார்ட்டர்ஸ்ல பாத்திரத்த எல்லாம் பேப்பர்ல சுத்தி அட்டப்பெட்டில வச்சிட்டாவ. ஒங்களுக்குத் தெரியுமா?"

இடமாறுதல் கிடைத்தால் முன்னேற்பாடு தேவைதானே என்றேன்.

"சார்வாள், ஒரு சங்கதி கேக்கேன். அந்த ஸ்டார்ட்டர் தானா லூசாச்சுன்னா நெனச்சீய?"

நேரடியாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு நேரான விடை சொல்வது ஊழியரின் கடமை. இல்லை என்றேன். ஸ்டார்ட்டர் தானாகத் தளராது. பிடியின் பித்தளை நாக்குகளை இடுக்கியால் சற்று நெருக்கிவிட்டிருந்தால் அது ஆயுளுக்கும் அசையாது. அது எனக்கு முதல் நாளே தெரியும்.

மாடத்தி கதவிலிருந்து நிமிர்ந்தார். "அப்போ ஏன் நெருக்கல?"

இதற்கு என்னிடம் தொழில்நுட்பரீதியான பதில் இல்லை. அதையும் சொன்னேன்.

மாடத்தி வெகுநேரம் சிரித்தார். வெளியே மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். "அந்தப் பொம்பள முட்டிவலியோட ஸ்டூல்ல ஏறி ஏறித் திருகியிருக்காவ. நீங்க தெரிஞ்சே வந்து வந்து திருகியிருக்கீய. ரெண்டு பேருக்கும் நடுவுல வாயின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு, காபி குடிக்கவா?"

அவருக்கு முட்டிவலி இருப்பது எனக்குத் தெரியாது. பிளாஸ்டிக் ஸ்டூல் பாதுகாப்பானதன்று.

ஜூலை 2, புதன்

இன்று நடந்தவற்றைச் சுருக்கமாகவும் சரியாகவும் எழுத முயல்கிறேன்.

மதிய உணவு இடைவேளையில், பணி நேரத்தைப் பயன்படுத்தாமல், கழிவுப் பொருள்களுக்கிடையே இருந்த பழைய பட்டியையும் குழலையும் எடுத்துத் துடைத்தேன். பிடியின் பித்தளை நாக்குகள் இருந்தபடியே இருக்கட்டும் என்று விட்டேன். அவற்றையும் ஏணியையும் எடுத்துக்கொண்டு பணி அறைக்குச் சென்று, நன்றாக எரிந்துகொண்டிருந்த எல்.இ.டி. விளக்கைக் கழற்றிவிட்டு, பழைய விளக்கைப் பொருத்தினேன். இது தலைமை மருத்துவரின் உத்தரவுக்கு நேர் எதிரானது. நான் அதை அறிவேன்.

அறை இருண்டிருந்தது. சிஸ்டர் உள்ளே வந்து சுவிட்சைப் போட்டார். எரியவில்லை.

"என்ன சார் இது? புதுசு என்னாச்சு?"

புதியதில் பழுதில்லை என்றேன். பழையதைப் பொருத்தியிருக்கிறேன் என்றும், ஸ்டார்ட்டர் இல்லாததால் அது எரியாது என்றும், அந்த ஸ்டார்ட்டர் தங்களிடம் இருக்கக்கூடும் என்று கருதுகிறேன் என்றும் சொன்னேன்.

இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. மேசை இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. சற்றுநேரம் எதையோ பிரித்தார். பின் என் உள்ளங்கையில் ஸ்டார்ட்டரை வைத்தார். அதைப் பஞ்சுத்துணியில் சுற்றி வைத்திருந்திருக்கிறார்.

"அஞ்சு வருஷம் உத்தரவாதம்னு சொன்னீங்க."

அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னேன்.

"நாளைக்குக் கலந்தாய்வு."

தெரியும் என்றேன்.

"அதுக்கு?"

ஏணியில் ஏறினேன். முகம் பார்க்காமல் பேசுவது எளிதாக இருந்தது. விதிப்படி எனக்குக் கருத்துக் கூற அதிகாரமில்லை என்பதை மறுபடியும் பதிவுசெய்தேன். ஆயினும் அவர் போகவேண்டாம் என்பது என் கருத்து என்று சொன்னேன். அது மருத்துவமனையின் நலன் கருதிச் சொன்னதன்று என்பதையும், தவறான புரிதல் ஏற்படாதிருக்க, சேர்த்துச் சொன்னேன்.

ஸ்டார்ட்டரைத் திருகினேன். குழல் இரண்டு தரம் இமைத்து எரிந்தது. சிஸ்டர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சினார். சாரல் காலத்தில் சளி எல்லோருக்கும் வரும்.

"இத ஏன் சார் அன்னைக்கே சொல்லல?"

அன்று சர்க்கரை இல்லாத காபியைப் பற்றிக்கூட நான் சொல்லவில்லை என்றேன். அது விடையாகாது என்பதை அறிவேன். அதற்குள் ஒரு பிரசவ வலிக்காரரை ஆம்புலன்சில் கொண்டுவந்துவிட்டார்கள். சிஸ்டர், போகிறாரா இல்லையா என்று சொல்லாமலே, அங்கே ஓடிவிட்டார்.

ஜூலை 3, வியாழன்

சிஸ்டர் விடுப்பு. காலை முதல் பேருந்தில் கைப்பையுடன் ஏறியதை மாடத்தி பார்த்திருக்கிறார். "ஒரு வார்த்தையும் சொல்லல சார்வாள்" என்றார். அவர் இன்று கேலி செய்யவில்லை. கேலியே செய்திருக்கலாம்.

தண்ணீர் மோட்டார் நன்றாக ஓடுகிறது.

ஜூலை 4, வெள்ளி

ஆய்வுக் குழு வந்தது. ஜெனரேட்டர், தீயணைப்பு, கழிவுநீர் எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். மகப்பேறு வார்டின் பணி அறையில் பழைய குழல்விளக்கு இருந்ததற்காகக் குறைத்தார்கள்.

டாக்டர் நூர்ஜஹான் என்னை அறைக்கு அழைத்தார். "நான் சொல்லி நீங்க மாத்தினத என் கண்ணால பாத்தேன். அது எப்படித் திரும்ப வந்துச்சு?"

நான்தான் பொருத்தினேன் என்றேன்.

"ஏன்?"

தேவை இருந்தது என்றேன்.

"யாருக்கு?"

கூரையில் எரிந்த எல்.இ.டி.யைப் பார்த்தேன். அவர் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தார். விளக்கம் எழுதினேன்: உத்தரவை மீறியது உண்மை, தெரிந்தே செய்தது, தண்டனையை ஏற்கிறேன், அந்த விளக்கை மட்டும் மீண்டும் மாற்றுமாறு கூற வேண்டாமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க சர்வீஸ்ல முதல் மெமோவா?"

ஆம் என்றேன்.

"எமிலி சிஸ்டர் சனிக்கிழமைக்கும் சேத்து லீவு சொல்லியிருக்காங்க. ஊருக்குப் போயிருக்காங்களாம்" என்றார். நான் அதைக் கேட்கவில்லை. ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

ஜூலை 5, சனி

எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஜூலை 7, திங்கள்

ஸ்டோரில் அவசர இருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மாடத்தி வந்தார். மூச்சு வாங்கியது.

"சார்வாள், பணி அறையில லைட்டு எரியல."

டெஸ்டரை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஏணியை மறந்துவிட்டேன். பாதி வழியில் நினைவு வந்தும் திரும்பவில்லை.

சிஸ்டர் இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஃபிளாஸ்க் மேசை மேல் இருந்தது. பழைய பிளாஸ்டிக் ஸ்டூலுக்குப் பதிலாக இரும்பு ஸ்டூல் ஒன்று விளக்கின் கீழே போடப்பட்டிருந்தது.

"அங்க எடம் காலியாத்தான் இருந்துச்சு" என்றார். "வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, அப்படியே அண்ணன்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். அவருக்குக் கோவம். ஆறிடும்."

மறுப்புக்குக் காரணம் கேட்டிருப்பார்களே என்றேன்.

"கேட்டாங்க. சொந்தக் காரணம்னு போட்டேன். போதும்லா?"

சொந்தக் காரணம் என்பது விதிப்படி ஏற்கத்தக்கது என்றேன்.

அவர் சிரித்தார். நான் ஸ்டூலில் ஏறினேன். அது ஆடாதபடி அவர் பிடித்துக்கொண்டார். ஏறுவது இனி என் பொறுப்பு என்றும், அவர் முட்டிக்கு அது நல்லதன்று என்றும் தெரிவித்தேன். "சரி சார்" என்றார். பிறகு, "சரிங்க" என்று திருத்திச் சொன்னார்.

பழுது: ஸ்டார்ட்டர் தளர்ந்திருந்தது. காரணம்: தெரியும். தீர்வு: திருகினேன், எரிகிறது. இறுக்கமாகத் திருகவில்லை.